இருபத்து நாலில் ஒரு பங்கு மினுமினுப்பு

கரூரிலிருந்து நாமக்கல் போகிற ரோட்டில், மண்மங்கலம் தாண்டி வருகிற வாய்க்கால்மேட்டுப் பிரிவு ஸ்டாப்பில், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் பஸ் வரும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டோரத்து முதல் வீட்டு ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தபடி நின்ற காலம் ஒன்று இருந்தது. புதிதாக அந்தப் பக்கம் வந்தவர்கள் வீட்டில் ஏதோ துக்கம் போலிருக்கிறது என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிட்டே வருவார்கள். வந்து பார்த்தால் உள்ளே டிவி ஸ்டாண்டின்மேல் ஒன்றரை அடி நீளத்தில் ஒரு சின்னப் பஸ் நிற்கும், அதன் விலாவில் பனைமரங்கள் பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும், "பாலம் தாண்டிருச்சுங், இன்னும் சித்த நேரத்துல வந்துரும்" என்று யாராவது சொல்வார்கள், அவ்வளவுதான், புதியவரும் ஒதுங்கி ஓர் இடம் பிடித்துக்கொள்வார்.

அந்தச் சின்னப் பஸ்ஸைப் பொம்மை என்று சொன்னால் வசந்தாமணிக்குக் கோபம் வரும். குழந்தை தள்ளிவிட்டு விளையாடுவது பொம்மை, அசல் வண்டியை இருபத்து நாலால் வகுத்தால் வருவது மாடல் என்பாள். கரூரில் பஸ்களுக்குப் பெயரும் பூவும் வெட்டி ஒட்டுகிற ஸ்டிக்கர் கடையில் அவளுக்கு வேலை. பாடி கட்டி முடிந்து கடை வாசலில் வந்து நிற்கிற புது வண்டிகளைப் பார்த்துப் பார்த்து, மிச்சம் விழுந்த துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி ஒட்டி, ஜன்னல் கம்பியிலிருந்து வைப்பர் வரைக்கும் அளந்து அளந்து செய்யப் பழகியிருந்தாள். அவள் செய்த பஸ்ஸில் டீசல் டேங்க் மூடிக்குக்கூடப் பூட்டு இருக்கும். மகள் திருச்சியில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாள், ஆக வீட்டில் இரண்டே பேர், பேச்சு என்றால் அந்த இரண்டு பேருக்குள் நடப்பதுதான்.

அந்தப் பேச்சிலும் முக்கால்வாசி அவள் புருஷன் நாச்சிமுத்துவுடையது. அவன் 'மஞ்சுளா' என்கிற தனியார் பஸ்ஸின் டிரைவர். பகல் முழுக்கக் கரூருக்கும் நாமக்கல்லுக்கும் போய்வந்துவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டுக்கு வந்து, கால் கழுவிச் சோற்றுக்கு உட்கார்ந்தானென்றால் வாயைத் திறப்பான். காவிரிப் பாலத்தில் அடித்த காற்று கண்டக்டர் தனபால் பையிலிருந்த டிக்கெட்டை எல்லாம் அள்ளிக்கொண்டு போனதும், திரும்பி வரும்போது அதே காற்று அதை எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்ததும், பரமத்தியில் ஏறிய ஓர் ஆடு தன்னுடைய ஸ்டாப் வந்ததும் தானே மணிக்கயிற்றை இழுத்ததும் அப்படி வந்த கதைகள்தான். அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு சரடு என்று வசந்தாமணி ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு கையில் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு "அப்புறங்?" என்று மட்டும் கேட்பாள், அந்த ஒரு சொல்லுக்கு அவன் இன்னொரு பஸ் நிறையக் கதை ஏற்றிக்கொண்டு வருவான். அவளுக்கு அந்த நேரம் உயிர்.

மாடல் வேலையில் எல்லாம் கைக்கு வந்த அவளுக்கு, கிளியர் மட்டும் போக்குக் காட்டியது. பெயிண்ட் அடித்து ஸ்டிக்கர் ஒட்டி முடித்தபிறகு எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி மாதிரி அடிக்கிற பூச்சுக்குத்தான் கிளியர் என்று பெயர். அது சரியாக விழுந்தால் வண்டிக்கு உயிர் வரும், பிசகினால் ஒரு மாத வேலையும் அதோடு போச்சு. தள்ளிப் பிடித்து அடித்தால் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி குழி குழியாக நிற்கும், கிட்டப் பிடித்தால் கண்ணீர் விட்டு வடியும், மழைக்காலத்தில் அடித்தால் பால் ஊற்றியது போல் வெள்ளை பூத்துவிடும். ஒரு பஸ்ஸில் ஈரம் காய்வதற்குள் கொசு வந்து உட்கார்ந்து அங்கேயே சமாதியாகிவிட்டது, நாச்சிமுத்து அதைப் பார்த்து "பாசு வெச்சிருக்கற பாசஞ்சர் புள்ள, எறக்கி உட முடியாது" என்றான். அதற்கு அடுத்த பஸ்ஸில் அவனே "காஞ்சிருச்சா?" என்று கட்டை விரலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டான். கிளியர் அடித்த எதையும் விரல் வைத்துப் பார்க்காமல் இருக்கிற ஆண்பிள்ளை அந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று வசந்தாமணி இன்றைக்கும் சொல்வாள்.

அந்தப் பங்குனியில் மஞ்சுளாவுக்குப் புது பாடி கட்டி வந்தது. கத்தரிப்பூ நிறத்தில், விலாவில் வெள்ளை அன்னம் பறக்க, வெயிலில் நின்றால் எதிர்க் கடையின் போர்டைத் திருப்பிப் படிக்கலாம், அப்படி ஒரு மினுமினுப்பு. அதைப் பார்த்ததும் வசந்தாமணிக்கு வைராக்கியம் வந்துவிட்டது. இந்த மினுமினுப்பை அப்படியே இறக்கிக் காட்டுகிறேன் பார் என்று மஞ்சுளாவின் மாடலைச் செய்தாள், கிளியர் அடிக்கிற அன்றைக்குக் காற்று இல்லாத உச்சி வெயிலாகப் பார்த்து, தரையெல்லாம் தண்ணீர் தெளித்துத் தூசியைப் படுக்க வைத்து, ஃபேனை நிறுத்தி, பருத்திச் சேலையில் பஞ்சு பறக்கும் என்று பாலியஸ்டர் சேலை கட்டி, தலையில் ஈரத் துண்டைச் சுற்றி, கிளியர் டப்பாவை வெந்நீரில் உட்கார வைத்து இளக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் கை பனி மாதிரியும் இரண்டாம் கை தூறல் மாதிரியும் மூன்றாம் கை மழையே மாதிரியும் அடித்தாள். மூன்றாம் கை தேவையே இல்லை. ஆனால் கண்ணெதிரே அசல் வண்டி மினுமினுத்தபோது யார் நிறுத்துவார்கள்?

காய்ந்ததும் நாச்சிமுத்து, "ரோட்டுல எறங்கற வண்டிக்குப் பூசை போடாம உடலாமா?" என்றான். அசல் வண்டிக்குப் போட்ட மாதிரியே போட வேண்டும், ஆனால் அளவுக்கு அளவு இருக்க வேண்டும் என்றாள் அவள். எலுமிச்சம்பழத்தை இருபத்து நாலால் வகுத்தால் கடுகு வந்தது, பூசணிக்காயை வகுத்தால் சுண்டைக்காய் வந்தது. நாலு சக்கரத்துக்கும் நாலு கடுகு வைத்து, சுண்டைக்காயைச் சுற்றி வாசலில் உடைத்து, நாச்சிமுத்து ஒற்றை விரலால் வண்டியைத் தள்ள, கடுகு நாலும் படபடவென்று நசுங்கியது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே கும்பிட்டார்கள்.

மறுநாள் காலை நாச்சிமுத்து வேலைக்குப் போனபிறகு வசந்தாமணி மாடலைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அன்னத்துக்குக் கீழே கறுப்பாக ஏதோ வழிந்திருந்தது. "அட கெரகமே, வடிஞ்சு போச்சே!" என்று அவள் போட்ட சத்தத்தில், பாலுக்கு உறை மோர் வாங்க வந்த பக்கத்து வீட்டுப் பாவாயி அக்கா உள்ளே வந்து எட்டிப் பார்த்தாள். பிரிவில் பூ விற்கிறவள், கண் கூர்மை.

"எது கண்ணு வடிஞ்சது? அது தளவாபாளையத்துப் புளியமரம். அதா, பக்கத்துல டயர்க் கடை. கடைக்காரன் சட்டை போடாம உக்காந்திருக்கறான் பாரு."

"புளியமரம் எப்படிங்க்கா இதுல வரும்?"

"உம்பட வூட்டுக்காரர் வண்டி இந்நேரம் அங்கதான போகும்? இதுல தெரியாம வேற எதுல தெரியும்?" என்று சொல்லிவிட்டுப் பாவாயி அக்கா உறை மோரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் சொன்னது சரிதான். அசல் மஞ்சுளாவின் விலாவில் எது எதெல்லாம் பட்டுத் தெரிந்ததோ அதெல்லாம் மாடலின் விலாவிலும் அப்படியே தெரிந்தது: வேலாயுதம்பாளையத்துக் கடைத்தெரு, பாலத்தின் கைப்பிடிச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் தகதகவென்று காவிரி, பரமத்தி வேலூர் வாழைத்தார் வண்டிகள், நாமக்கல் மலை. இது எப்படி என்று யோசிக்கிற வேலையைப் பிரிவுக்காரர்கள் எடுத்துக்கொள்ளவே இல்லை. அவர்களுக்கு வேறு வேலை இருந்தது. பாவாயி அக்காவுக்கு வேலூர் பூச்சந்தையிலிருந்து பூ மூட்டை அந்தப் பஸ்ஸில்தான் வரும். மூட்டையை ஏற்றுகிறார்களா, ஏற்றினால் அதன்மேல் எவனாவது உட்காருகிறானா என்று இனி வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று முதல் ஆளாக வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் காலேஜ் பெண்கள் வந்தார்கள், மகன் நாமக்கல்லில் நிஜமாகவே டியூஷனுக்கு இறங்குகிறானா என்று பார்க்க ஓர் அப்பா வந்தார், மாமியார் வருகிற பஸ் எதுவரை வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு வீட்டைப் பெருக்க ஒரு மருமகள் வந்தாள், பேக்கரிக்காரர் தன் கடை பெஞ்சையே தூக்கிக்கொண்டு வந்து ஜன்னலுக்கு அடியில் போட்டுவிட்டார். வசந்தாமணி மாடலை ஜன்னலோரமாக நகர்த்தி வைத்து, தொடாதீர்கள் என்று ஒரு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டினாள்.

விஷயம் ரோட்டின் அந்தக் கோடி வரைக்கும் போக அதிக நாள் ஆகவில்லை. பஸ் நின்றதும் ஜனங்கள் ஏறுவதற்கு முன்னால் அன்னத்தின் எதிரே நின்று தலையைச் சீவிக்கொண்டார்கள், பிரிவில் இருக்கிற சொந்தக்காரர்களுக்குக் கும்பிடு போட்டார்கள், பிறந்த குழந்தையைத் தூக்கிக் காட்டினார்கள், நிச்சயதார்த்தப் புடவையை விரித்துக் காட்டி "கலர் பரவாயில்லையா?" என்று சைகையில் கேட்டார்கள். ஜன்னலில் நின்றவர்கள் பதிலுக்குத் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டு வேலூருக்குத் தெரியாது என்பது யாருக்கும் ஒரு குறையாகப் படவில்லை. பஸ் மறைவில் ஒதுங்கி நின்று அவசரத்துக்குப் போகிற வழக்கம் அந்த ரோட்டை விட்டே ஒழிந்தது. வேலூரில் ஒருத்தர் சண்டையில் கையை ஓங்கிவிட்டு, பக்கத்தில் மஞ்சுளா நிற்பதைப் பார்த்ததும் அந்தக் கையாலேயே முதுகைச் சொறிந்துகொண்டு போனார். வசந்தாமணிக்குப் பெருமை தாங்கவில்லை. எந்தக் கிளியர் அவளை அத்தனை வருஷம் அழவைத்ததோ அதன் முன்னால் ஊரே கூடி நின்றது.

எல்லோரும் விலாவைப் பார்த்தார்கள், அவள் கண்ணாடியைப் பார்த்தாள். டிரைவர் பக்கத்துக் கண்ணாடி சுண்டுவிரல் நகம் அளவுதான், ஸ்டிக்கரில் வெட்டிக் கிளியர் அடித்தது; அதற்குள் நாச்சிமுத்துவின் முகம் தெரியும். லீவு நாட்களில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு காலையிலிருந்து அவனைப் பார்த்தபடியே வெங்காயம் உரிப்பாள். கொட்டாவி விடுகிறான், மீசையைத் தடவுகிறான், எதிரே வந்தவனைத் திட்டுகிறான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் புருஷனைப் பகலில் இவ்வளவு நேரம் அவள் பார்த்ததே இல்லை, அது அவளுக்கு இனிப்பாகத்தான் இருந்தது.

கசப்பு சாயங்காலத்தில் வந்தது. முதல் நாளே, சோற்றில் கை வைத்ததும் நாச்சிமுத்து, "இன்னிக்குப் பாலத்துல ஒரு கூத்து நடந்துச்சு புள்ள, வண்டிய நிறுத்தித் தொலச்சேன் பாரு…" என்று எடுத்தான். ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாவாயி அக்கா கம்பி வழியாகவே, "தம்பி, பாலத்துல வண்டி நிக்கவே இல்லியே, நாங்கதான் பாத்துட்டே இருந்தமே" என்றாள். பெஞ்சு முழுக்கச் சிரித்தது, வசந்தாமணியும் சிரித்தாள், நாச்சிமுத்துவும் சிரித்துவிட்டு ரசம் கேட்டான். இரண்டாம் நாள் அவன் பரமத்தியில் கல்யாணக் கூட்டம் ஏறிய கதையை ஆரம்பித்தபோது "பாத்தனுங், பதினோரு பேருதான் ஏறுனாங்க" என்று அவளே சொல்லிவிட்டாள். மூன்றாம் நாள் அவன் வாயைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்து, "உனக்குத் தெரியுமே" என்று மூடிக்கொண்டான். அதன்பிறகு அந்த வீட்டில் சாயங்காலம் சோறு பிசைகிற சத்தமும் அப்பளம் உடைகிற சத்தமும்தான் கேட்டது. அப்பளம் இல்லாத நாளில் அதுவும் இல்லை.

எல்லாம் பார்த்தாயிற்று, கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று அவளும் முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் பிரஷ்ஷைக் கையில் எடுத்தால் கை ஓடவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு வெட்டி வைத்த ஷீட்டு அப்படியே கிடந்தது. நாச்சிமுத்துவும் வண்டியில் மாறிப்போயிருந்தான். ஓடி வருகிற கிழவிக்காக ஸ்டாப் தாண்டி நிறுத்துகிறவன் இப்போது கோடு போட்ட மாதிரி நிறுத்தினான், கோடு போட்ட மாதிரி எடுத்தான், யாரோ பரீட்சை வைப்பதுபோல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து ஓட்டினான்.

இந்த லட்சணத்தில்தான் பஸ் முதலாளி குழந்தைவேலு கவுண்டர் ஒரு புதன்கிழமை கார் போட்டுக்கொண்டு வந்தார். தங்கமான மனுஷர், மகள் பெயரில் பஸ் விட்டவர், எதைப் பார்த்தாலும் வாய்விட்டுப் பாராட்டுகிறவர். மாடலைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து டயரில் வெட்டிய கோடு வரைக்கும் பார்த்துவிட்டு, "அம்மிணி, இது கையா எந்திரமா?" என்றார். கூச்சத்தில் வசந்தாமணிக்குக் காது சிவந்தது.

"இதை நம்ம ஆபீஸ்ல என்ற மேசைமேல வெச்சுக்கறேனுங். எட்டு வண்டிக்கும் இதே மாதிரி, இதே மினுமினுப்புல செஞ்சு குடுத்துருங்க, ஸ்டிக்கர்க் கடைக்குப் போறத உட்டுப்போட்டு நம்ம ஒர்க்‌ஷாப்புலயே உங்களுக்குன்னு தனி ரூமு ஒதுக்கித் தர்றேன். எந்த வண்டி எங்க நிக்குது, எவன் எங்க எவ்வளவு நேரம் டீக்குடிக்கறான், யார ஏத்தறான், யார உட்டுட்டு வர்றான்னு உக்காந்த எடத்துலயே பாத்துக்கலாமில்லோ? வெள்ளிக்கிழமை நல்ல நாளு. வந்து எடுத்துக்கறேன்."

அவள் தலையாட்டினாள். அவள் வேலைக்கென்று தனி ரூம், காற்றுப் புகாத ரூம், அங்கே கொசு வராது, யாருடைய கட்டை விரலும் வராது. சாயங்காலம் நாச்சிமுத்துவிடம் சொன்னபோது அவன் சோற்றைப் பார்த்துக்கொண்டே, "குடுத்துரு புள்ள. உங் கைவேலைக்கு இப்பத்தான் மரியாத வந்திருக்குது" என்றான். மனசாரத்தான் சொன்னான். சொல்லிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டு எழுந்துபோனான்.

வியாழக்கிழமை அவள் கடைக்குப் போகவில்லை. நாளைக்குப் போய்விடப் போகிற வண்டி, இன்று ஒரு நாளாவது பார்த்துக்கொள்ளலாம் என்று பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மஞ்சுளா வேலூரைத் தாண்டிப் பாலத்தின்மேல் ஏறிக்கொண்டிருந்தது. சின்னக் கண்ணாடிக்குள் நாச்சிமுத்துவின் உதடு அசைந்தது. யாரிடம் பேசுகிறான் என்று அவள் இன்னும் குனிந்து பார்த்தாள். அவன் யாரிடமும் பேசவில்லை. புருவத்தைத் தூக்கினான், கண்ணை உருட்டினான், ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து ஆற்றைக் காட்டினான், தானே ஒருமுறை சிரித்துக்கொண்டான், பிறகு தலையை ஆட்டி அதே இடத்தை இன்னொரு விதமாகச் சொல்லிப் பார்த்தான். கதை கட்டுகிறான்! இத்தனை வருஷமும் அவள் தட்டில் சோறு போடுகிறபோது வந்து விழுந்த அத்தனை கதையும் இந்தப் பாலத்தின்மேல்தான் பிசைந்து உருட்டப்பட்டிருக்கிறது என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. அடுத்த கணம் அவன் கண் கண்ணாடிக்கு வந்தது. நேராக அவளைப் பார்த்தது. அவள் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று ஞாபகம் வந்தவனாக, தப்புச் செய்து அகப்பட்ட பள்ளிக்கூடத்துப் பையனைப் போல வாயை மூடிக்கொண்டு முதுகை நிமிர்த்தினான்.

வசந்தாமணி பூதக்கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதாள். அழுகை நின்றதும் மாடலை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, புருஷனை விட்டுவிட்டு, வண்டியை மட்டும் பார்த்தாள். முதல் முறையாக வேலைக்காரக் கண்ணால் பார்த்தாள். அப்போதுதான் அந்தப் பிசகு பளிச்சென்று தெரிந்தது. கதவை வகுத்தாள், கம்பியை வகுத்தாள், டேங்க் பூட்டை வகுத்தாள், எலுமிச்சம்பழத்தைக்கூடக் கடுகாக வகுத்தாள். மினுமினுப்பை மட்டும் வகுக்கவில்லை. முப்பத்தாறு அடி வண்டிக்கு உள்ள மினுமினுப்பு முழுசையும் ஒன்றரை அடி வண்டியின் தலையில் ஏற்றியிருக்கிறாள். அதனால்தான் இத்தனை துல்லியமாகச் செய்தும் ஓரமாக நின்று பார்த்தால் அது பஸ்ஸாகத் தெரியவில்லை, பொம்மையாகத்தான் தெரிந்தது. ஊரில் ஒருத்தரும் பஸ்ஸைப் பார்க்கவில்லையே, அதில் தெரிந்ததைத்தானே பார்த்தார்கள் என்று நினைத்தபோது அவளுக்குக் கொஞ்சம் ரோஷமாகவும் இருந்தது.

அவள் ஒரு சட்டியில் தண்ணீர் எடுத்து அதில் நாலு சொட்டுச் சோப்பு விட்டு, இருப்பதிலேயே நைசான வாட்டர் பேப்பர் உப்புத்தாளை நனைத்து, கண்ணை மூடித் திறந்துவிட்டு, அன்னத்தின்மேல் வைத்துத் தேய்த்தாள்.

ஜன்னலில் கூச்சல் எழுந்தது. "என்ன கண்ணு பண்ற, கொலகாரி! எம்பட பூ மூட்ட இப்பத்தான் ஏறுச்சு!" என்று பாவாயி அக்கா கம்பியைப் பிடித்து உலுக்கினாள். டியூஷன் அப்பா அடுத்த நடையில் மகன் இறங்குவதை எப்படிப் பார்ப்பது என்று பதறினார், பேக்கரிக்காரர் இருபது பேருக்கு டீ போட்டுவிட்டேனே என்றார். வசந்தாமணி நிமிரவில்லை. பாலம் மங்கியது, ஆவி படிந்த ஜன்னலில் தெரிவதுபோல மரங்கள் குழைந்தன, முகங்கள் முதலில் மூக்கை இழந்து பிறகு கண்ணை இழந்து வெறும் நிறமாயின. கடைசியாக அந்தச் சுண்டுவிரல் நகக் கண்ணாடிக்கு வந்தாள். அதில் ஒரு மீசை இருந்தது. "வூட்டுக்கு வந்து சொல்லுங்" என்று அதனிடம் சொல்லிவிட்டுத் தேய்த்தாள்.

பிறகு துடைத்துக் காயவைத்து, பளபளப்புக் கிளியரில் மங்கல் கிளியரைச் சேர்த்து, ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனில் அடித்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சேர்த்து, மறுபடி பார்த்து, இருபத்து நாலில் ஒரு பங்கு என்று மனசு ஒப்புக்கொண்ட இடத்தில் நிறுத்தி, ஒரே ஒரு கை அடித்தாள். பனியும் இல்லை, மழையும் இல்லை, பல் விளக்கிவிட்டு வருகிற நேரத்துக் காலை வெளிச்சம் மாதிரி ஒரு கை.

வெள்ளிக்கிழமை குழந்தைவேலு கவுண்டர் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து, மாடலைப் பார்த்து, "என்னங்கம்மிணி, மங்கிப் போச்சு? ஒண்ணும் தெரியலியே?" என்றார்.

"இதுதானுங் சரியான பினிஷு. வண்டி இருபத்து நாலுல ஒண்ணுன்னா மினுமினுப்பும் இருபத்து நாலுல ஒண்ணு இருக்கோணும். முன்ன நாந்தான் தப்பா அடிச்சுப்போட்டனுங்."

கவுண்டர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மறு கண்ணை மூடிப் பார்த்தார், தரையில் உட்கார்ந்து கண்மட்டத்தில் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது. "அட, அசல் வண்டியே தூரத்துல நிக்கற மாதிரி இருக்குதுங்! இத்தன நாளு பொம்மையாட்டமல்ல இருந்துச்சு?" என்றார். அதில் ரோடு தெரியாத வருத்தம் அவருக்கு இருந்தது, இல்லாமல் இல்லை. மாடலை ஆபீசுக்கு எடுத்துப்போகிற பேச்சும் தனி ரூம் பேச்சும் அதன்பிறகு வரவில்லை. ஆனால் மகளின் கல்யாணத்துக்கு வரவேற்பு மேசையில் வைக்க இதே பினிஷில் ஒரு வண்டி வேண்டும் என்று சொல்லி வெற்றிலை பாக்கைக் கொடுத்துவிட்டே போனார். வசந்தாமணிக்கு அது போதுமாக இருந்தது.

பாவாயி அக்காவின் கோபம் வியாழக்கிழமையே, இரண்டு மணி நேரத்தில் ஆறிவிட்டிருந்தது. அன்று மத்தியானம் வெறும் பழக்கத்தில் ஜன்னலுக்கு வந்து நின்றவள், "ஏ கண்ணு, இது நெறம் மாறுதே" என்றாள். மாறத்தான் செய்தது. வண்டி பாலத்தின்மேல் வருகிறபோது கத்தரிப்பூ நிறத்தின்மேல் லேசாக ஒரு தண்ணீர் வெளிச்சம் ஏறியது, புளியமரங்களுக்குள் நுழைகிறபோது ஒரு நிழல் ஓடி அடங்கியது. யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள், எவன் சட்டை போடாமல் உட்கார்ந்திருந்தான் என்பதெல்லாம் இல்லை. பஸ் வந்துகொண்டிருக்கிறது, அது மட்டும். பூ விற்கிறவளுக்கு வேறென்ன வேண்டும்? "பூவு வந்தா மணக்கும், போ" என்று சொல்லிக்கொண்டு அவள் கூடையை எடுத்தாள். காலேஜ் பெண்கள் திரும்பவும் ரோட்டைப் பார்த்து நிற்கத் தொடங்கினார்கள். டியூஷன் பையன் அன்று எங்கே இறங்கினான் என்று யாருக்கும் தெரியாது, அவன் முகத்தில் மட்டும் நல்ல களை இருந்தது. பெஞ்சை எடுத்துப்போக வந்த பேக்கரிக்காரர் அதிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்துவிட்டுப் பெஞ்சை மறந்து போனார்.

அந்த வியாழக்கிழமை விளக்கு வைத்ததும் நாச்சிமுத்து வந்தான், கால் கழுவினான், தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான். வசந்தாமணி சோற்றைப் போட்டு, பீர்க்கங்காய்க் கூட்டை வைத்து, எதிரே பிரஷ்ஷோடு உட்கார்ந்துகொண்டாள்.

"ஏனுங், இன்னிக்குப் பாலத்துல என்னாச்சுங்?"

"உனக்குத் தெரியாததா?"

"ஒண்ணும் தெரியலீங். வெறும் வெளிச்சந்தான் தெரிஞ்சுது."

அவன் பிசைந்த கையோடு எழுந்துபோய் மாடலைக் குனிந்து பார்த்தான். குனிந்த அவன் முகம்கூட விலாவில் தெரியவில்லை, கத்தரிப்பூ நிறத்தில் மீசை அளவுக்கு ஒரு நிழல் மட்டும் ஆடியது. சுத்தமாக இருந்த இடது கைக் கட்டை விரலைத் தூக்கினான், வைக்கப் போனான், அவள் தொண்டையைச் செருமினாள், எடுத்துக்கொண்டான். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவன் முதுகு வளைந்து, பழைய நாச்சிமுத்துவின் முதுகாக இருந்தது.

"அத ஏங் கேக்கற புள்ள," என்று ஆரம்பித்தான். "பாலத்து நடுவுல ஒரு பொம்பள நிக்கறா. தல முதல் கால் வரைக்கும் நனஞ்சு, சொட்டச் சொட்ட. கையக் காட்டறா. நானும் நிறுத்திட்டேன். எங்கம்மா போகோணும்னா, 'மேட்டூர்ல இருந்து நடந்தே வர்றேன் சாமி, காலு கடுக்குது, திருச்சிப் பக்கம் சித்த ஏத்தி உடு'ங்கறா. யாருன்னு பாத்தா, காவேரி!"

ஜன்னலுக்கு வெளியே பெஞ்சு முழுக்க எட்டிப் பார்த்தது. பாவாயி அக்காவின் முகம் கம்பிக்கு நடுவில் வந்து ஒட்டிக்கொண்டது.

"தனபால் உடுவானா? இது கவர்மென்ட்டு பஸ்ஸு இல்லீங்ம்மா, பொம்பளைகளுக்கு ப்ரீ கெடையாது, டிக்கெட் எடுங்கன்னுட்டான். அவ முந்தானைய அவுத்துக் காட்டறா, உள்ள ரண்டு கெண்ட மீனு துள்ளுது."

"அப்ப ஆத்துல தண்ணி?" என்றாள் பாவாயி அக்கா.

"அவதான் வண்டியில நிக்கறாளே, ஆத்துல ஏது தண்ணி? ஒட்டுக்கா மணலுதான். கால் மணி நேரம் வண்டி பாலத்துலயே நிக்குது!"

அன்று மத்தியானம் அந்தத் தண்ணீர் வெளிச்சம் மாடலின்மேல் ஏறியதையும், எங்கேயும் நிற்காமல் ஒரே மூச்சில் வழுக்கிக்கொண்டு போனதையும் வசந்தாமணி தன் கண்ணால் பார்த்திருந்தாள். அவள் ஒரு கரண்டி ரசத்தை அவன் சோற்றில் ஊற்றினாள்.

"அப்புறங்?" என்றாள்.